கைராசிக்கு ஒரு விளக்கம்

ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். முயன்று பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரு பொருளின் பெயரைச் சொல்லலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. அது தெரியாமல் விசாரணைக் குழு ஒரு முடிவுக்கு வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். படிக்கச் சிரமம் இருக்காது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவுக்கே புரதம் எப்படி மடிகிறது என்று விளக்கியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டுதான் கேட்டார்.

முதலில் புதிர். ஒரே குப்பியிலிருந்து எடுத்த புரதம். ஒரே தண்ணீர், ஒரே உப்பு, ஒரே மேசை. எனக்கு உதவியாகப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி. அவள் செய்தால் சோதனை சரியாக வந்தது. நான் செய்தால் வரவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் சேர்ந்து பத்தொன்பது வருடம். ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் கூடத்தில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது என்பதை நீங்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

நாங்கள் செய்து விற்பது செடிகளின் கால்சியம் உணரிப் புரதங்கள். வெயில் சுட்டாலும், புழு கடித்தாலும், வேரில் உப்பு ஏறினாலும், கத்துவதற்குச் செடிக்கு வாய் கிடையாது. அதன் செல்லுக்குள் கால்சியம் சட்டென்று கூடும். அதைப் பிடிப்பதற்கென்றே சில புரதங்கள் காத்திருக்கின்றன. கால்சியம் வந்து உட்கார்ந்ததும் அந்தப் புரதம் உருவம் மாறுகிறது, விரித்த கையை முஷ்டியாக மடக்குவது மாதிரி. மாறிய உருவம் பக்கத்துப் புரதத்தைப் போய்த் தட்டும். அது இன்னொன்றைத் தட்டும். கடைசியில் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது. கேட்பவர்களுக்கு எப்படியோ.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தப் புரதம் தனியாக, சுத்தமாக வேண்டும். செடியை அரைத்து எடுக்கப் போனால் ஒரு வண்டி இலைக்கு ஒரு சிட்டிகை தேறாது. அதனால் செடியின் மரபணுவை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைக்கிறோம். அந்த அப்பாவி அதைத் தன் சொந்த வேலை என்று நம்பி, செடியின் புரதத்தை வயிறு முட்டச் செய்து வைக்கும். செய்து முடித்ததும் அதை உடைத்து, புரதத்தை மட்டும் பிரித்து, சின்னக் குப்பிகளில் அடைத்து, உறைய வைத்து அனுப்புவோம். குப்பியின் மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்மேல் பயன்படுத்தக் கூடாது' என்று ஒட்டியிருக்கும். அந்த வாசகம் நான் எழுதியது.

அனுப்பும் முன் ஒரு சோதனை. இரண்டு சிறு குழாய்களில் புரதத்தை எடுத்துக்கொள்கிறோம். ஒன்றில் கால்சியம் சேர்க்கிறோம். மற்றதில், இருக்கிற கால்சியத்தையெல்லாம் கவ்விக்கொள்ளும் ஒரு மருந்தைச் சேர்க்கிறோம். அதற்கு வாயில் நுழையாத பெயர் உண்டு. நாங்கள் 'பிடிப்பான்' என்போம். இரண்டையும் ஜெல் என்னும் கெட்டிக் கூழ்த் தகட்டில் ஏற்றி மின்சாரம் கொடுத்தால், கால்சியம் பிடித்த புரதம் ஒடுங்கி வேகமாகக் கீழே ஓடும். பிடிக்காதது கொஞ்சம் பின்தங்கி மேலே நிற்கும். இரண்டு கோடுகள், இரண்டு உயரங்கள். அப்படி வந்தால் உணரி உயிரோடிருக்கிறது. இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் ஏதோ கோளாறு.

எங்களிடமிருந்த பதினாறு புரதங்களும் என் கையில் ஒழுங்காக நடந்துகொண்டன. பதினேழாவது, உவர் நிலத்துச் செடி ஒன்றிலிருந்து வந்தது. மற்றவை கொஞ்சம் மெத்தனம். துளிக் கால்சியத்துக்கெல்லாம் அசையாது. பதினேழு மோப்ப நாய். நான் எத்தனை தடவை செய்தாலும் இரண்டு கோடும் கீழேயே, பக்கத்துப் பக்கத்தில், சமத்தாக உட்கார்ந்திருந்தன. எங்கிருந்தோ கால்சியம் உள்ளே வருகிறது. அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை. தண்ணீரைச் சோதித்தேன். உப்பைச் சோதித்தேன். குழாய், தட்டு, தராசு, எல்லாவற்றையும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பலகையில் படம் போட்டு, எல்லோரையும் கூப்பிட்டு, கால்சியம் வரக்கூடிய வழிகளையெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டுத்தான் சோதனைக்கு உட்காருவேன். எனக்கு விளக்கம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். விளக்கம் வர்றார், விளக்கம் உக்காந்துட்டார். எனக்குக் கேட்காது என்று அவர்களுக்கு நினைப்பு. நான் கோபப்படவில்லை. பொருத்தமான பெயர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது அவள் பதினேழை எடுத்துச் சோதித்திருக்கிறாள். திரும்பி வந்தால் ஜெல்லைச் சுற்றி ஒரே கூட்டம். இரண்டு கோடுகள், இரண்டு உயரங்கள். ஒரு விரற்கடை இடைவெளி.

"என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல சார். நீங்க எழுதி வச்சிருக்கிறத அப்படியே பண்ணினேன்."

ஸ்டோர்காரர் குறுக்கே வந்தார். "அது கைராசி சார். சிலருக்கு அப்படித்தான். எங்க மாமா தொட்டா ஓடாத மோட்டாரும் ஓடும்."

கழுவும் அக்கா சிரித்தார். "விளக்கம் சாருக்கு வராதது கைராசிக்கு வந்துருச்சு." பிறகு நான் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குடுவைகளைச் சத்தமாக அடுக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து அவள் பெயர் கைராசி.

நான் நியாயமானவன். அதற்கடுத்த வாரம் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே குப்பியிலிருந்து, ஒரே ஜெல்லில், தனித்தனியாகச் செய்து பார்த்தோம். அவள் பக்கம் இரண்டு உயரம். என் பக்கம் ஒரே உயரம். ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் அப்படியே. அவள் சங்கடப்பட்டாள். "உங்களோடதும் ஒரு நாள் வந்துரும் சார்" என்றாள். உடம்பு சரியில்லாதவரிடம் பேசுகிற குரல்.

வீட்டில் சொன்னேன். என் மனைவிக்கு இதிலெல்லாம் பொறுமை குறைவு. "குக்கர் ஏன் விசில் அடிக்குதுன்னு நீங்க இருபது நிமிஷம் எனக்குச் சொன்னீங்க. அடுப்பை அணைக்கத்தான் ஆளில்லாமப் போச்சு. உங்களுக்கு வரலைன்னா விடுங்களேன். அந்தப் பொண்ணையே செய்யச் சொல்லுங்க."

விட முடியாததற்குக் காரணம் இருந்தது. கைராசி என்ற சொல்லை நீங்கள் யோசித்துப் பாருங்கள். அது எதையும் விளக்குவதில்லை. விளக்கம் வேண்டாம் என்று சொல்கிறது. ஒரு கூடத்தில் அந்தச் சொல்லை அனுமதித்தால் நாளைக்கு நல்ல நேரம் பார்த்து ஜெல் ஊற்றுவார்கள். ஒரே புரதம், ஒரே முறை என்றால் ஒரே விடைதான் வர வேண்டும். என் பக்கம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். ஆகவே விலகல் அவள் பக்கம் இருந்தது. விலகலைச் சரிசெய்வது என் பொறுப்பு.

கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்தால் நிறமில்லை, வாசனையில்லை. பிடிப்பான் குடுவை ஒவ்வொருவருக்கும் தனி. அவள் குடுவைக்குள் அதைச் சரியான அளவு ஊற்றினால், பிடிப்பானின் கைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். பிறகு புரதத்திடமிருந்து எதையும் பிடுங்க அதற்குக் கையிருக்காது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கணக்கிட்டேன். கூடினால் கலங்கும், குறைந்தால் பயனில்லை. அவள் மதியம் தண்ணீர் பிடிக்கப் போகும் ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அன்று மாலை அவள் ஜெல்லில் இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் நின்றன. எங்கள் இருவர் ஜெல்லையும் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியாது. பதினேழு என் கைக்கு வந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

ஒரு தடவையோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் புதிதாகப் பிடிப்பான் கரைத்தாள். சந்தேகம் வந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும், நல்ல பழக்கம். புதுக் குடுவையிலும் ஊற்ற வேண்டியதாயிற்று. மொத்தம் நாற்பத்தொரு குடுவைகள். தேதி, அளவு, கிடைத்த விடை எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அதை என் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்ததை உங்கள் குழு பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்கிறது. நான் ஒளித்து வைக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதாத சோதனை சோதனையே அல்ல.

அவள் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். பதினேழு வெளியே போனால் வேலை நிரந்தரம் என்று டைரக்டர் மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். இதற்கு முன் இரண்டு இடங்களில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவள். தங்கையோடு ஓர் அறையில் குடியிருந்தாள். தங்கை இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளே சொன்னாள். என்னிடம் எல்லாவற்றையும் சொல்வாள்.

நான் ஊற்றத் தொடங்கிய முதல் மாதம் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாதம் மேசையிலேயே சாப்பிட்டாள். மூன்றாம் மாதம், பாட்டிலின் பெயர்ச்சீட்டை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் திறந்தாள். பிறகு கழுவும் அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, இதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க கொஞ்சம் படிங்க" என்பாள். அக்கா என்னிடம் வந்தார்.

"சார், அந்தப் பொண்ணு அழுவுது. உங்களுக்குத் தெரியாததா. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அவளைப் பலகை முன் உட்கார வைத்து, மனிதக் கை எங்கெங்கே தவறும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். நன்றி சொன்னாள்.

வெளியே பல ஆய்வுக்கூடங்கள் பதினேழுக்குக் காத்திருந்தன. டைரக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டார். "முதல்ல அவ்வளவு அழகா வந்துச்சு. இப்ப ஒரு தடவைகூட வரல. எனக்கு இது பிடிக்கல. முதல்ல வந்தது நிஜந்தானா?"

நான் அவளுக்காகப் பேசினேன். "சின்னப் பொண்ணு மேடம். ஆர்வத்துல ஏதாவது செஞ்சிருந்தாலும் பெரிசா எடுத்துக்காதீங்க."

அதற்கு முன் யாரும் அவள் ஏதாவது செய்திருப்பாள் என்று சொல்லவில்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனாலும் ஆதரவாகத்தான் சொன்னேன்.

இனி நீங்கள் ஆவலோடு கேட்கிற இடம். எட்டாம் மாதம் ஒரு காலை அவள் என் மேசைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சார், தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நீங்க பலகையில எழுதிட்டு நேரா வந்து உக்காந்துடுறீங்க. குழாய் மூடியைக் கட்டைவிரலால தள்ளித் திறக்கிறீங்க. உங்க கையுறையில சாக்பீஸ் தூள் இருக்கு சார். சாக்பீஸ்னா கால்சியம்தானே. ஒரு தூசி உள்ள விழுந்தாக்கூடப் பதினேழுக்குப் போதும்."

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

அவள் தொடர்ந்தாள். "ஒரு வேளை அந்தத் தூள்தான் காத்துல பறந்து என்னோடதுலயும் விழுதோ என்னமோ. பலகையை ஒரு வாரம் மூடி வச்சுப் பாக்கலாமா சார்?"

தன் புதிரில் மூழ்கிக்கொண்டிருந்தவள் போகிற போக்கில் என் புதிரை அவிழ்த்துவிட்டாள். அவள் குழாயைத் திறப்பதற்கு ஒரு சின்ன நெம்புகோல் வைத்திருந்தாள். விரல் மூடியின் உள்பக்கம் படாது. கைராசி என்று எல்லோரும் கொண்டாடியது அந்த நெம்புகோலைத்தான். அவள் போனதும் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு பலகைப் பக்கமே போகாமல் பதினேழைச் சோதித்தேன். இரண்டு கோடுகள், இரண்டு உயரங்கள். அந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் மனைவிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்பாடா, இனிமே வீட்டுக்கு வந்து பேசாம சாப்பிடுவீங்க" என்றாள்.

அப்போது அவள் குடுவையில் ஊற்றுவதை நிறுத்தியிருக்கலாமே என்பது உங்கள் நாலாவது கேள்வி. நல்ல கேள்வி. நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று படிப்படியாகப் பாருங்கள். பலகையை மூடிய வாரத்தில் அவளுக்கும் வந்திருக்கும், எனக்கும் வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் விளக்கம் சாரின் சாக்பீஸ் என்று கூடம் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். அது உண்மையும் அல்ல. அவளுடைய எட்டு மாதத்துக்குக் காரணம் சாக்பீஸ் இல்லையே. தவறான விளக்கம் ஒன்று நிலைத்துவிடுவதை நான் எப்படி அனுமதிப்பேன்? பலகையை மூடினோம். நான் தொடர்ந்து ஊற்றினேன். அவளுக்கு வரவில்லை. காற்றில் பறக்கும் தூள் என்ற அவள் கருத்து தவறு என்று நிரூபணமாயிற்று.

அந்த வாரக் கடைசியில் டைரக்டர் மேடம் எங்கள் இருவரையும் தன் எதிரில் சோதனை செய்யச் சொன்னார். என் பக்கம் இரண்டு உயரம். அவள் பக்கம் ஒரே உயரம்.

"இவர் கையில வருது. உன் கையில ஏன் வரல?" என்றார் மேடம்.

அவள் என்னைப் பார்த்தாள். சாக்பீஸ் பற்றி நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் சொல்லவில்லை. கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் நின்று கேட்டாள். "சார், முதல்ல வந்த படமெல்லாம் நானே ஏதாவது மாத்தியிருப்பேனோ? எனக்குத் தெரியாமலே செஞ்சிருப்பேனா?"

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வது பொறுப்பாகாது. நினைவு எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு விளக்கினேன். நினைவு என்பது எடுத்து வைத்த படம் அல்ல. ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் புதிதாகச் செய்கிறது. நாம் விரும்பியதை அதில் சேர்த்துவிடும். சேர்த்தது நமக்கே தெரியாது. இதெல்லாம் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். நான் பொய் சொல்லவில்லை. அவள் கவனமாகக் கேட்டாள். அவளை மாதிரிக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. கடைசியில், "அப்ப நான் செஞ்சிருக்கலாம்" என்றாள்.

கடிதம் எழுத அவளுக்கு வரவில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். முதல் படங்களைத் தான் திருத்தியிருப்பதாக ஒப்புக்கொள்ளும் கடிதம். நான் 'திருத்தியிருக்கலாம்' என்றுதான் எழுதினேன். அவள் அதை அடித்துவிட்டுத் 'திருத்தினேன்' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டாள். இதைக் குழு கவனிக்க வேண்டும். அந்தச் சொல் என்னுடையது அல்ல.

பதினேழு வெளியே போயிற்று. அதோடு போன செய்முறைத் தாளில் என் பெயர் இருக்கிறது. இதுவரை ஒரு புகார் வரவில்லை. அவள் வேலையை விட்டுப் போன பிறகு வந்த புது ஆள் குளிர்பெட்டியில் கிடந்த அவளுடைய பழைய குடுவையை எடுத்துப் பயன்படுத்தி, வராமல்போய், அதில் என்ன கலந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வெளியே அனுப்பியது உங்களுக்குத் தெரியும். திறமையான ஆள். குடுவையைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்குக் கடைசிவரை தன்னைத்தான் சந்தேகப்படத் தோன்றியது.

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போனேன். கடையில் அவள் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "நல்லாருக்கீங்களா சார்?" என்றாள். என் கண்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் தடவை அளந்துவிட்டு, உள்ளே இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. நான் அளந்தா சரியா இருக்காது" என்றாள். அந்தப் பெண் அளந்தார். அதே எண்தான். எவ்வளவு கவனமாகிவிட்டாள் என்று எனக்கு நிறைவாக இருந்தது. முன்பு அவளிடம் இல்லாத குணம் அது.

ஆக, நாற்பத்தொரு குடுவைகளிலும் கால்சியம் ஊற்றியது நான். அவள் படங்கள் உண்மையானவை என்று ஒவ்வொரு நாளும் தெரிந்துகொண்டே ஊற்றினேன். அவள் கடிதத்தை எழுதியதும் நான். இதை மறுக்கவில்லை.

இனிமேல் இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். யாராவது முதல் வாரத்திலேயே எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. தீர்வு மிக எளிது. பலகையில் எழுதிய கையோடு சோதனைக்கு உட்காரக் கூடாது. கையுறையை மாற்றிக்கொண்டு, குழாயின் மூடியை விரல் படாமல் நெம்புகோலால் திறக்க வேண்டும். இரண்டு கோடுகளும் இரண்டு உயரத்தில் வரும். யார் செய்தாலும் வரும்.